பலகையோடு போன நேர்முகத் தேர்வு

இலவசம் என்று எதைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது. எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலையில்லாமல் திரிந்த நான், பத்திரிகைக் கூப்பன்களையெல்லாம் நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். கூந்தல் தைலம், கோழி வளர்ப்பு எதையும் விடவில்லை (வீட்டில் ஒரு கோழிகூட கிடையாது).

தோட்டத்துத் தபால் முழுவதும் ஆபீசுக்கு வரும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி நல்லதம்பி அதைப் பிரித்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அனுப்புவார். விளம்பரம் என்று அவருக்குப் பட்டதை அங்கேயே ஒரு பெட்டியில் போட்டுவிடுவார். என் தைலப் புத்தகமும் பெட்டிக்குப் போனபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க தபால்ல எது குப்பைன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? வீட்டுக்கு வீடு கேளுங்க."

"சரி லா. எது வேணாம்னு அவங்கவங்க எழுதிக் குடுங்க. எழுதுனபடி செய்யறேன்," என்றார்.

செய்தார். நாற்பது வீட்டுச் சீட்டும் அவருக்கு மனப்பாடம். ஒருவருக்கு லாட்டரி விளம்பரம் வேண்டாம், இன்னொருவருக்கு மச்சான் கடிதமே வேண்டாம். சீட்டைப் பார்க்காமலே அவர் கை பிரித்துப் போடும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

கொழுந்து பறிக்கும் பொன்னம்மா அக்காவுக்கு எழுத்து தெரியாது. "எனக்கு எதையும் தள்ளாதீங்க. மத்தவங்க வேணாங்கிறதையும் குடுங்க, பலகைச் சொவத்துச் சந்துல ஒட்டிக்கிறேன், குளிரு தாங்கல," என்று வாயாலேயே சொல்லிவிட்டார். நான் சிரித்தேன்.

என் சீட்டில் நான் எழுதியது: தபால் தலை ஒட்டாத எதுவும் வேண்டாம். விளம்பரங்களில் தபால் தலை இருக்காது, அச்சடித்த முத்திரைதான் இருக்கும் என்று கண்டுபிடித்த பெருமை எனக்கு. அரசாங்கக் கடிதத்திலும் தலை இருக்காது என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை. அப்போது ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, அரசாங்கத்தின் பதிலுக்குத்தான் தவமிருந்தேன். அது தவறினால் அப்பாவோடு தேயிலைக்கு மருந்தடிக்கப் போக வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னம்மா அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து ஒட்டுனதுல ஒரு தாளுல ரெண்டு புலி நிக்குது. கவர்மெண்டு கடுதாசி மாதிரி இருக்கு. யாருதுன்னு படிச்சுச் சொல்லு."

சுவரைப் பார்த்து அசந்துபோனேன். தோட்டமே வேண்டாம் என்று தள்ளிய காகிதங்கள் கூரைவரை நெருக்கமாக ஒட்டியிருந்தன. இம்மியளவு காற்றும் நுழையவில்லை. நடுவில் என் பெயர். மறுநாள் காலை ஈப்போவில் நேர்முகத் தேர்வு, இக்கடிதத்தைத் தவறாமல் கொண்டு வரவும்.

நகத்தால் சுரண்டினேன். ஒரு மூலை கிழிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கிழிக்காத. பலகையோட எடுத்துட்டுப் போ லா," என்று அக்கா பாராங்கத்தியால் ஆணியை நெம்பினார்.

விடியற்காலை ரிங்லெட்டிலிருந்து கிளம்பிய காய்கறி லோரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஈப்போவில் அதிகாரியின் மேசையில் அதை வைத்தேன். மேல்பாதியில் அவர் கையெழுத்திட்ட கடிதம், கீழ்பாதியில் கூந்தலை விரித்த தைலக்காரி. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அதன்மேலேயே முத்திரை குத்தினார். இடம் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பலகை எங்க? காத்து அடிக்குது." புதுப் பலகை அடித்துக் கொடுத்தேன். பழையது இன்றும் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

சமீபத்தில் என் மகள், வேண்டாத மின்னஞ்சல்கள் நம் கணினிக்கு வருமுன்பே மின்னஞ்சல் நிறுவனத்திலேயே தடுத்துவிடலாம், அதற்கான விதியை நாமே எழுதலாம் என்று காட்டினாள். ஆசையாகக் கையை நீட்டினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அப்பாவ எழுத விடாத. இது கல்லு வீடு. சொவத்தப் பேக்க முடியாது."