அர்த்தநாரியின் முப்பத்திரண்டு இஞ்ச் கால்

இனிமேல் நடப்பதில்லை என்று அர்த்தநாரி முடிவெடுத்தார்.

முடிவெடுப்பதில் மனிதர் சூரர். எடுத்த பிறகுதான் எல்லாம் கெடும். அருள்புரத்தில் சொந்தக் கம்பெனி. டிராக் பேண்ட் தைத்து ஹாலந்துக்கு அனுப்புகிறார். ஹாலந்துக்காரன் கால் முதல் ஆஸ்திரேலியாக்காரன் கால் வரை எல்லாக் காலுக்கும் அளவு தனக்கு அத்துப்படி என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை யாராவது முளையிலேயே கிள்ளியிருந்தால் ஒரு சைக்கிள் தப்பியிருக்கும்.

2009 தை மாதம் டாக்டர் சர்க்கரை என்று சொன்னார். அன்றே சமையலறை பொன்னாத்தாளின் நேரடி ஆட்சிக்குள் போய்விட்டது. அதற்கு முன்னால் யார் ஆட்சி என்று கேட்காதீர்கள், அர்த்தநாரிக்கு மனசு கஷ்டப்படும். காலையில் கம்பங்கூழ். ராத்திரி கொள்ளு ரசம். நடுவில் எதையாவது வாயில் போட்டால் மென்று முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். இது போதாதென்று விடிந்ததும் நடை. தனியாக விட்டாலாவது பரவாயில்லை, அவளும் கூடவே வருவாள்.

பொன்னாத்தாள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை மணைமேல் ஏறி நிற்க, பொண்ணு தரையில் நின்றதை இரண்டு வீட்டாரும் இன்றுவரை வெளியே பேசுவதில்லை. அவள் ஓரடி வைத்தால் இவர் இரண்டடி வைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு அம்மா நடக்கிறாள், பின்னால் யாரோ ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார் என்றுதான் தோன்றும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது இசக்கிமுத்து மெஸ். பல்லடம் ரோட்டில் அவர்கள் நடக்கிற வழியிலேயே இருக்கிறது. பூரி, வடகறி, டபுள் ஆம்லெட். சர்க்கரை வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு டிபன், அங்கே ஒரு டிபன் என்று ராஜ வாழ்க்கை வாழ்ந்தவர். இப்போது மெஸ் நெருங்கும்போதெல்லாம் பொன்னாத்தாள் அந்தப் பக்கமாக மாறி நடப்பாள். அவ்வளவு உயரத்தை மீறி எட்டிப் பார்க்க அவரால் முடியாது. வாசம் மட்டும் வரும். ஒரு நாள் அந்த வாசத்துக்கு அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சொந்தத் தகப்பனார் சாவுக்குக்கூட இப்படிக் கலங்கவில்லை.

அங்கேதான் சைக்கிள் யோசனை பிறந்தது.

"பொன்னா, இனி நான் வாக்கிங் வரலை."

"ஏனுங்க மாமா? காலு வலிக்குதுங்களா?"

"சைக்கிள் ஓட்டப்போறேன். நம்ம சரக்கு வாங்கற ஹாலந்து பையர் போட்டோ அனுப்புனானே, ஆட்டுக்கொம்பாட்ட வளைஞ்ச ஹேண்டில் பாரு, அது. ரோடு பைக்."

"டாக்டர் நடக்கத்தானுங்க சொன்னாரு."

"சைக்கிள்ங்கறது உக்காந்துக்கிட்டே நடக்கறது புள்ள."

"அப்ப நானும் பின்னால உக்காந்து வரட்டுங்களா?"

"அதுல கேரியரே கெடையாது!" என்றார் அர்த்தநாரி. மகள் பாஸான செய்திகூட அவர் வாயிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக வந்ததில்லை.

"அவிநாசிப் பக்கம் போவீங்களா, பல்லடம் பக்கமுங்களா?"

"பல்லடந்தான். அந்தப் பக்கம் காத்து நல்லாருக்கும்."

லாரிப் புகையும் கோழிப்பண்ணை நாற்றமும் போக அந்த ரோட்டில் வேறு காற்று எதுவும் கிடையாது. பொன்னாத்தாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நல்லதுங்க மாமா. வாங்குங்க."

சண்டை போட்டிருந்தால் தப்பித்திருப்பார். பெண்டாட்டி உடனே ஒத்துக்கொண்டால் நாலு நாளாவது யோசிக்க வேண்டும் என்கிற புத்தி, கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டியவனுக்கு இருக்க வேண்டாமா? இவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

உள்ளூர்க் கடையில் வாங்க மாட்டாராம். அங்கே வாங்கினால் கம்பெனியில் துணி தேய்க்கிற அயர்ன் மாஸ்டர் ஓட்டுகிற சைக்கிளைத்தான் காட்டுவார்களாம். ஆகவே கம்ப்யூட்டர். பையருக்கு மெயில் அனுப்புகிற அதே கம்ப்யூட்டரில் பெங்களூர்க் கடை ஒன்றைப் பிடித்தார். கறுப்பும் சிவப்புமாக ஒரு சைக்கிள் திரையில் நின்றது. கீழே சைஸ் கேட்டார்கள். நாற்பத்தாறு, ஐம்பது, ஐம்பத்திநாலு, ஐம்பத்தெட்டு.

"இதென்ன பொடிப்பசங்க சைஸா இருக்குது? நான் போடற பனியனே தொண்ணூத்தஞ்சு!"

கடைக்குப் போன் போட்டார். எடுத்தது தமிழ் பேசுகிற பையன்.

"சார், பனியன் சைஸ் வேற, ஃப்ரேம் சைஸ் வேற. உங்க இன்சீம் சொல்லுங்க, நான் சைஸ் சொல்றேன்."

அர்த்தநாரி நாற்காலியில் நிமிர்ந்தார். இன்சீம்! கவட்டையிலிருந்து கீழ் மடிப்பு வரை உள்பக்கத் தையலின் நீளம். அவர் சோறு தின்பதே அந்த வார்த்தையால்தான்.

"என்கிட்டயே இன்சீம் கேக்கறியா தம்பி? நான் போடறது டபுள் எக்ஸெல். எங்க சார்ட்டுல டபுள் எக்ஸெல்லுக்கு இன்சீம் முப்பத்திரண்டு இஞ்ச். எழுதிக்கோ."

"பேண்ட் அளவு வேண்டாம் சார். வெறுங்கால்ல சுவத்துல சாஞ்சு நில்லுங்க. ஒரு தடிப் புத்தகத்தைக் கால் நடுவுல மேல வரைக்கும் ஏத்தி வெச்சு, தரையிலருந்து யாரையாவது அளக்கச் சொல்லுங்க."

"புத்தகத்தைக் கவட்டைல வெச்சுக்கிட்டு நான் நிக்கோணுமா? ஏந்தம்பி, நீ இப்பப் போட்டிருக்கற டிராக் பேண்ட் யாரு தெச்சதுன்னு நெனைக்கறே?"

"நான் ஜீன்ஸ் போட்டிருக்கேன் சார்."

"அதனாலதான் உனக்கு வெவரம் பத்தலை!"

கதவோரம் பொன்னாத்தாள் சர்க்கரை போடாத காப்பியோடு நின்றாள். கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் அவள் பொறுப்பு. அளவு டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும்.

"ஏனுங்க மாமா, அளந்து பாத்துரலாமுங்களா? டேப்பு கையிலதான் இருக்குது."

"எதுக்கு? சார்ட்டு போட்டதே நான். லேபிள்ல இருக்குது. நான் போட்டா டக்குனு பாதத்துல வந்து நிக்குது. ஒரு நூலு ஏறி எறங்கி நீ பாத்திருக்கறயா?"

"இல்லீங்க. பாத்ததில்லீங்க."

"அப்பறம்? எதுக்கும் தண்ணில சுருங்கறதுக்கு ஒரு இஞ்ச் சேத்து முப்பத்திமூணுன்னு சொல்லிரட்டுமா?"

"ஐயோ, வேண்டாமுங்க!" என்றாள் பொன்னாத்தாள் அவசரமாக. "அது காட்டனுங்களா சுருங்கறதுக்கு? அலுமினியமுங்க. முப்பத்திரண்டே இருக்கட்டுங்க."

தன்னோடு குப்பை கொட்டியதில் இவளுக்குக்கூட விவரம் வந்துவிட்டதே என்று அர்த்தநாரிக்குப் பெருமை. முப்பத்திரண்டு இஞ்சுக்கு ஐம்பத்திநாலு சைஸ் என்றான் பையன். பணத்தைக் கட்டி ஆர்டரைப் போட்டுவிட்டு, அன்றைக்கு இரண்டு டம்ளர் கம்பங்கூழை முகம் சுளிக்காமல் குடித்தார். கடைசிக் கூழ் என்று நினைப்பு.

பெட்டி கம்பெனிக்கு வந்தது. நாலு பேர் பார்க்கப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. நாலு பேர் என்ன, டைலர், செக்கிங், பேக்கிங் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். மெக்கானிக் ராக்கையா முன் சக்கரத்தை மாட்டி முடுக்கினான். அர்த்தநாரி புது டி-சர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக் குறுக்குப் பாரைத் தாண்டிப் போட்டார்.

போட்ட கால் அந்தப் பக்கம் தரையைத் தேடியது. தரை கிடைக்கவில்லை. இந்தப் பக்கக் காலும் மெல்ல மேலே எழும்பியது. அலுமினியப் பாரும் அர்த்தநாரியும் சந்தித்த இடத்தைப் பற்றி எழுதுவது நாகரிகமில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து ராக்கையா முதுகுப் பக்கம் பிடித்தான், அயர்ன் மாஸ்டர் முன்னால் பிடித்தார். கொடியில் காயப்போட்ட டிராக் பேண்ட் மாதிரி நடுவில் தொங்கினார் முதலாளி.

"எறக்குங்கடா!"

இறக்கினார்கள்.

"தப்பான சைஸ் அனுப்பிட்டான் அந்த ஜீன்ஸ் பையன்! ஐம்பத்தெட்டாட்ட இருக்குது!"

"ஐம்பத்திநாலுன்னுதான் போட்டிருக்குதுங்க மொதலாளி," என்றான் ராக்கையா.

"அப்ப அவன் ஐம்பத்திநாலே தப்பு. எங்கால் முப்பத்திரண்டு இஞ்ச். பேக்கிங்லருந்து ஒரு டபுள் எக்ஸெல் எடுத்துக்கிட்டு வா, நிரூபிச்சுக் காட்டறேன்!"

வந்தது. ஆபீஸ் ரூமுக்குள் போய் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வந்தார் என்றா சொன்னேன்? துணி முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். பாதம் இரண்டும் உள்ளே எங்கேயோ இருந்தன.

"ரிஜெக்‌ஷன் பீஸைக் குடுத்திருக்கான். வேற கொண்டா!"

வேறு வந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. செக்கிங் பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்கள். அர்த்தநாரி பொன்னாத்தாளைப் பார்த்தார்.

"பொன்னா, என்ன புள்ள இது? நான் ஊட்ல போடறதும் இதே டபுள் எக்ஸெல்தானே?"

"அதேதானுங்க மாமா. இடுப்புக்கு டபுள் எக்ஸெல் வேணுமுங்களே. கீழ அஞ்சரை இஞ்ச் வெட்டி, மடிச்சுத் தெச்சு, நாந்தானுங்க பீரோவுல வெப்பேன்."

"எப்ப இருந்து?"

"கண்ணாலமான புதுசுலருந்துங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே."

லட்சக்கணக்கான கால்களுக்குப் பேண்ட் தைத்தவருக்குத் தன் கால் இருபத்தாறரை இஞ்ச் என்று தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான். அதுவும் சம்பளம் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க. நின்ற இடத்திலேயே பூமி விழுங்காதா என்று ஏங்கினார்.

"திருப்பி அனுப்பிரலாம்," என்றார் ஈனசுரத்தில்.

"அனுப்பிரலாமுங்க. போன் போட்டுத் தாரேன், எங்கால் இருபத்தாறரைதான் தம்பின்னு நீங்களே உங்க வாயால சொல்லிருங்க. வேற சைஸ் அனுப்புவாங்க."

அந்தப் பையனிடம் தான் பேசிய பேச்செல்லாம் அர்த்தநாரிக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"வேண்டாம்."

"அப்ப இது சும்மா நிக்கோணுமுங்களா?"

கேட்டுக்கொண்டே பொன்னாத்தாள் டேப்பைக் கழற்றி ராக்கையாவிடம் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்ததை இந்த மனிதர் காலையிலேயே கவனித்திருக்க வேண்டும். கண் எல்லாம் பெட்டிமேல் இருந்தால் எதைக் கவனிப்பார்? சேவூரில் பிறந்த பெண். அவிநாசிப் பள்ளிக்கூடத்துக்கு அண்ணனின் பார் வைத்த சைக்கிளில் போய் வந்தவள். காலை வீசிப் போட்டாள், இரண்டு பாதமும் தரையில் பதிய நின்றாள், ஒரு மிதி மிதித்துக் கம்பெனியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினாள். செக்கிங் பெண்கள் கை தட்டினார்கள்.

"எனக்குன்னே தெச்ச மாதிரி இருக்குதுங்க மாமா. எங்கால் முப்பத்திரண்டுங்களே!"

மறுநாள் விடிந்ததும் அவள் சைக்கிளில் ஏறினாள்.

"அப்ப நான்?" என்றார் அர்த்தநாரி.

"டாக்டர் உங்களைத்தானுங்களே நடக்கச் சொன்னாரு. வாங்க, மெதுவாவே ஓட்டறேன்."

மெதுவாக என்றால் அவள் கணக்கில் மெதுவாக. முதல் வளைவு வரை அர்த்தநாரி பின்னாலேயே ஓடினார். டீக்கடையில் நின்றவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். வளைவு தாண்டியதும் அவள் கியரை மாற்றினாள். தூரத்தில் ஒரு புள்ளியானாள், அப்புறம் ஒரு லாரிக்குப் பின்னால் அதுவும் மறைந்துவிட்டது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அர்த்தநாரி நின்றார். மூச்சு அடங்க அடங்கத்தான் மூளை வேலை செய்தது. ரோட்டில் அவர் தனியாக நிற்கிறார்! பக்கத்தில் யாரும் இல்லை. போனவள் பல்லடம் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்! அடடா, சைக்கிள் வாங்கியது எதற்கு, அவளிடமிருந்து பிரிவதற்குத்தானே? யார் ஓட்டினால் என்ன? தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. அவமானமெல்லாம் பறந்துபோக, மெஸ் வரை இருந்த இரண்டு கிலோமீட்டரையும் நடக்காமல் பறந்தே கடந்து உள்ளே நுழைந்தார்.

"இசக்கி! நாலு பூரி. வடகறி நெறைய. டபுள் ஆம்லெட். சீக்கிரம்!"

இசக்கிமுத்து கல்லை விட்டு நகரவில்லை. திருநெல்வேலிக்காரன், பொய் சொல்ல வராது.

"அண்ணாச்சி, மயினி இப்பந்தான் சைக்கிள்ல வந்து சாப்ட்டுட்டுப் போறாவ."

அர்த்தநாரி பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"என்ன சாப்ட்டா?"

"நீங்க வழக்கமா என்ன திம்பீகளோ அதையே வையின்னு சொன்னாவ. நாலு பூரி, வடகறி, டபுள் ஆம்லெட்டு. ஒண்ணும் மிச்சம் வைக்கல."

"சரி, போனாப் போகுது. எனக்கும் அதையே வை."

"முடியாது அண்ணாச்சி. உங்க கம்பெனிக்கு சாயங்கால டீயும் வடையும் நாந்தான் அனுப்புதேன், அந்த ஆர்டர் மயினி கையில இருக்கு." இசக்கிமுத்து ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். "வெந்நிதான் குடுக்கச் சொல்லியிருக்காவ. சூடு போதுமான்னு கேட்டுக்கிடவும் சொன்னாவ."