தொட்டிக்கு வயிறு சரியில்லை

நகராட்சியின் எரிவாயுத் தொட்டிக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை. வீட்டு மிச்சம், காய்த்தோல், தோட்டத்து இலை எல்லாவற்றையும் விழுங்கி, பக்கத்து உணவகத்தின் அடுப்புக்கு வாயு கொடுக்கும் தொட்டி அது. அதைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் தொட்டியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

"அக்கா, அடுப்பு கண்ணைச் சிமிட்டுது. அரை மணி நேரமா தண்ணி கொதிக்கல" என்றாள், உணவகத்தில் சமைக்கும் தங்கை.

காரணம் தொட்டியம்மாவுக்குத் தெரியும். உடம்பு இளைக்க எல்லோரும் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்த காலம். அத்தனை தோலும் தொட்டிக்குத்தான் வந்தது. கூடவே முழுசு முழுசாகக் கிளைகள். அவள் மனு எழுதினாள்: 'தொட்டிக்கு அஜீரணம். கழிவை நறுக்க ஆள் தேவை.'

மேலதிகாரி 'அஜீரணம்' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார். "இது நம்ம இலாகா இல்லம்மா. சுகாதாரம்."

"பேச்சுக்குச் சொன்னேன் ஐயா."

"எழுத்துல இருக்கே."

கோப்பு மருத்துவமனைக்குப் போனது. எட்டாம் நாள் டாக்டர் வந்து, தொட்டியின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார்.

"என்ன சாப்பிடுது?"

தொட்டியம்மா சொன்னாள். அவர் சீட்டு எழுதினார்: 'புளிப்பு ஆகாது. பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வேளைக்குக் கொஞ்சமாகக் கொடுக்கவும்.'

"நறுக்கிப் போடணும்னுதானே டாக்டர் நான் ரெண்டு வருஷமா சொல்றேன்."

"சீட்டுல எழுதலையேம்மா."

சீட்டைக் கண்டதும் நறுக்க இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் வாயு இரண்டு மடங்கு. தங்கையின் அடுப்பு நீலமாக எரிந்தது. தொட்டியம்மா நிம்மதியாகத் தூங்கிய மறுநாள் உத்தரவு வந்தது: 'பொதுநலன் கருதி, டாக்டர் தொட்டிக்கே நிரந்தரமாக மாற்றப்படுகிறார். காலியாகும் இடத்தை, ஜீரணத்துறையில் பத்தாண்டு அனுபவமுள்ள தொட்டியம்மா நிரப்புவார்.'

"ஐயா, நான் எட்டாவதுதான்."

"அனுபவம்னு கோப்புல இருக்கும்மா."

மருத்துவமனையில், டாக்டரின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நெஞ்செரிச்சல். கொஞ்சம் தைரியம் வந்தது.

"எலுமிச்சையை நிறுத்துங்க. அவசரமில்லாம மென்னு, கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடுங்க."

"இதைச் சொல்லவா ஒரு ஆஸ்பத்திரி?" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள்.

வாரக் கடைசியில் வராந்தாவே காலி. எங்கே போனார்கள் என்று தேடிப் போனாள். தொட்டியைச் சுற்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு நீண்ட வரிசை. டாக்டர் சளைக்காமல் எழுதிக் கொடுத்தார்: 'புளிப்பு ஆகாது. நன்றாக மென்று, கொஞ்சமாக உண்ணவும்.' சீட்டை மடித்து, பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

வரிசையில் நாலாவதாக நின்றவள் அவள் தங்கை.