நான்காம் சன்னலில் சொக்கிலை குறைந்த கதை

ஒரு காட்டில், அலுவலகங்கள் வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆன பிறகு, கொண்டைச்சாமி என்றொரு மரங்கொத்தி கழுத்து வலியோடு குடித்தனம் நடத்தி வந்தது. ஆயுசு முழுக்கத் தலையால் மரத்தை இடித்தால் வேறென்ன வரும்? முதலில் வலிக்கு, ஆளைச் சொக்கவைக்கும் சொக்கிலை ஒன்றை மென்றது. பிறகு இரண்டு. இப்போது நாளுக்கு எட்டு. வலி அங்கேயேதான் இருந்தது. கொண்டைச்சாமிதான் அங்கே இல்லை.

ஒரு மதியம் அதன் மனைவி சொர்ணம் இரை தேடித் திரும்பியபோது, பொந்தில் முட்டைகள் ஒரு மூலையில் சில்லிட்டுக் கிடந்தன. கொண்டைச்சாமி எதிர்மூலையில் காய்ந்த தான்றிக்காய் ஒன்றை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது யாரு பெத்தது?"

கொண்டைச்சாமி சொக்கிய கண்ணால் காயைப் பார்த்தது. "உன் சாயல்தான்."

சொர்ணம் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்த ஈட்டு முட்டையெல்லாம் நானே பாத்துக்கறேன். அடுத்த ஈட்டுக்குள்ள எட்டு இலை ரெண்டாகணும். இல்லேன்னா பக்கத்து மரத்துல ஒரு பொந்து காலியா இருக்கு. அது உங்களுக்கு."

ரோஷத்தில் கொண்டைச்சாமி மறுநாளே எல்லா இலையையும் நிறுத்தியது. சாயங்காலத்துக்குள் நடுக்கம் எடுத்து, கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. தூக்கிக்கொண்டுபோய் இலைக் குறைப்பு மையத்தில் சேர்த்தார்கள்.

அங்கே டாக்டர் ஆந்தை. நல்ல மனசு. "ஒரேயடியா விட்டா உடம்பு கேக்காதுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரை இலை குறைப்போம். வாராவாரம் வந்து என்னைப் பாருங்க. அவசரமே இல்ல."

அந்த மையத்தில் யாருக்குமே அவசரம் இல்லை. டாக்டரைப் பார்க்குமுன் நான்காம் சன்னலில் உடும்பு குமாஸ்தாவிடம் படிவம் எழுத வேண்டும்.

"வலி எவ்வளவு? பத்துக்குள்ள சொல்லுங்க."

"ஏழு."

"போன வாரம்?"

"ஏழு."

"அப்ப கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

"ஏழுன்னா ஏழுங்க!"

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல. வரிசையில பின்னாடி போய் யோசிச்சிட்டு வாங்க."

பின்னாடி போனால் முள்ளம்பன்றி முத்தாயி நின்றுகொண்டிருந்தது. "உனக்காவது கழுத்து. எனக்கு முதுகு. தேச்சுவிட ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க."

"ஏன்க்கா?"

"ஏனா? பாத்தா தெரியல?"

கழுத்து வலி பெரிதா, முதுகு வலி பெரிதா என்று பேச்சு வளர்ந்தது. வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மான் ஒன்று நடுநிலை வகிக்கப் பார்த்து இரு தரப்பிடமும் திட்டு வாங்கியது. எல்லாம் ஓய்ந்து பார்த்தால் மதியம் தாண்டியிருந்தது. கொண்டைச்சாமியின் மதிய இலை இறக்கைக்கடியில் அப்படியே இருந்தது. மறந்துவிட்டது!

வலி போகவில்லை. கழுத்தில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதுவும் இவ்வளவு நேரம் முத்தாயி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்ததுபோல் தோன்றியது.

வாரங்கள் போயின. டாக்டர் அரை அரையாகக் கழித்தார். எட்டு ஆறானது, ஆறு நாலானது, நாலு மூன்றானது. அப்போது தலைமைக் காட்டிலிருந்து மயில் அதிகாரி ஆய்வுக்கு வந்தது.

"எல்லாருக்கும் இலை குறைஞ்சிருக்கே! எதனால?"

"படிவம் அப்படிங்கய்யா," என்றது உடும்பு.

ஆந்தை வாயைத் திறப்பதற்குள் மயில் தோகையை விரித்து உத்தரவு போட்டுவிட்டது. இனி நோயாளிகள் வரிசையில் வாட வேண்டாம். ஆளுக்கொரு கைபேசி. வீட்டிலிருந்தே வலி எத்தனை என்று தட்டினால் போதும்.

கொண்டைச்சாமி ஏழு என்று தட்டியது. 'நன்றி' என்றது கைபேசி. அவ்வளவுதான். நீளமான பகல் முழுக்கக் கொண்டைச்சாமி கிளையிலேயே கிடந்தது. வலிக்கும் வேறு பேச்சுத்துணை இல்லாமல் கொண்டைச்சாமியிடமே பேசியது. மூன்று நாலானது. நாலு ஐந்தானது. சொர்ணம் அடுத்த ஈட்டுக்காகப் பொந்தைச் சுத்தம் செய்தது. கையோடு பக்கத்து மரப் பொந்தையும் சுத்தம் செய்தது.

அதைப் பார்த்த கொண்டைச்சாமி ஒரே பறப்பாக மையத்துக்குப் பறந்தது. நான்காம் சன்னல் மூடிக் கிடந்தது. அதன்முன் முத்தாயி மட்டும் நின்றிருந்தது.

"என்னக்கா, சன்னலைத்தான் மூடிட்டாங்களே?"

"மூடினா? நிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

கொண்டைச்சாமி பின்னால் நின்றது. வரிசையைக் கண்டதும், எதற்கென்று கேட்காமலே ஒரு நரி வந்து சேர்ந்தது. ஆமை ஒன்று வந்து, தான் நரிக்கு முன்பே கிளம்பியதாக வழக்காடியது. சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் ஆந்தை, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தானும் வரிசையில் நின்று வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பழையபடி அரை அரையாக இறங்கி, ஐந்து இரண்டில் வந்து நின்றது. இரண்டு இலையும் ஏழு வலியுமாகக் கொண்டைச்சாமி அடுத்த ஈட்டில் உட்கார்ந்தது. சொர்ணம் குனிந்து பார்த்தது. முட்டைதான்.

இதற்குள் சேதி தலைமைக் காட்டுக்கு எட்டியது. மூடிய சன்னலில் கூட்டமாமே, மக்கள் தவிக்கிறார்களாமே என்று பதறிய மயில், உடனே திறக்கச் சொல்லி ஆள் அனுப்பியது. உடும்பு சன்னலைத் திறந்து, "ம், அடுத்தது யாரு?" என்றது.

ஒருவரும் நகரவில்லை.

"நீ போ," என்றது கொண்டைச்சாமி.

"நான் ஏன் போறேன்? நீ போ," என்றது நரி.

முத்தாயி மட்டும் சன்னல்வரை போனது. "கொஞ்சம் சாத்துங்க தம்பி," என்றது. "பேசிட்டிருக்கோம்ல?"

நீதி: வலியைத் தீர்க்க முடியாத அரசாங்கம், வரிசையையாவது தீர்க்காமல் இருக்க வேண்டும்.