நாற்பது மில்லி

பத்து லிட்டர் தண்ணீருக்கு நாலு மில்லி மருந்து என்று அடிக்க வேண்டிய இடத்தில் நாற்பது மில்லி என்று அடித்துத் தொலைத்திருந்தார் மெசேஜ் சார். அது நேற்று மத்தியானமே நாலாயிரத்துச் சொச்சம் விவசாயிகளின் போனுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. அவர் கண்ணில் பட்டது இன்று காலை ஒன்பது மணிக்கு, பாதி டீ உள்ளே போன பிறகு.

மீதி டீ இறங்கவில்லை.

வேளாண் கல்லூரியின் ஆராய்ச்சியை ஊருக்குள் கொண்டுபோகும் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெசேஜ் சார். பன்னிரண்டு வருஷமாக வாரம் ஒரு செய்தி. இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. அதற்குள் இப்படி ஒரு வினை.

இதே கூத்து முதல் வருஷமும் ஒரு தடவை நடந்தது. அன்றைக்கு, 'கல்லூரி சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஊற்றவும்' என்று உடனே ஒரு செய்தியைத் தட்டிவிட்டுத் தப்பித்துவிட்டார். யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லை. இப்போது ஒரு ராத்திரியே கடந்துவிட்டது.

பக்கத்து அறையில் புழுப் பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்.

"சார், சும்மா ஒரு சந்தேகம். மக்காச்சோளத்துக்கு மருந்து பத்து மடங்கு போனா என்ன ஆகும்?"

"பயிர் கருகிடும். அடிக்கிறவன் மயங்கி விழுவான். அந்த இலையைத் தின்ன ஆடு மாடு அங்கேயே காலை நீட்டிடும். எதுக்குக் கேக்குறீங்க?"

"பொது அறிவுக்கு சார்."

"புழு மட்டும் சாகாதுய்யா!" என்று பேராசிரியர் பெருமையாக ஜாடியைத் தூக்கிக் காட்டினார். கல்லூரித் தோட்டத்தில் நாலு மில்லிக்குச் சுருண்டு விழும் புழு, ஊருக்குள் போனால் சாவதே இல்லை. அது ஏன் என்று கண்டுபிடிக்கப் பன்னிரண்டு வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது. ஊர்ப் புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று எழுதி இரண்டு விருதுகூட வாங்கிவிட்டார்.

மெசேஜ் சார் நாற்காலிக்கு ஓடினார். திருத்தத்தை அடித்தார். பொத்தானை அமுக்கினார். வாரத்துக்கு ஒரு செய்திதான் என்று போன வருஷம் புதிதாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்த அந்தக் கம்ப்யூட்டர், திருத்தத்தை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய நாற்பதையே இன்னொரு தடவை அனுப்பித் தொலைத்தது.

"அடப்பாவி!"

சரி, குரலிலேயே சொல்லிவிடுவோம் என்று எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் பேசும் வசதியைத் திறந்தார். மைக்கில் வாயை வைத்தார். "வணக்கம். கல்லூரியிலிருந்து மிக மிக முக்கியமான அறிவிப்பு. நாற்பது மில்லி என்று அனுப்பியது தவறு, தயவுசெய்து அப்படி ஊற்றாதீர்கள்."

அனுப்பிய பிறகுதான் திரையின் ஓரத்தில் இருந்த வரியைப் படித்தார். குரல் செய்தி ஆறு விநாடி மட்டுமே போகும். தன் போனில் வந்ததைக் காதில் வைத்துக் கேட்டார். "மிக மிக முக்கியமான அறிவிப்பு. நாற்பது மில்லி" என்பதோடு அவர் குரல் அறுந்துபோயிருந்தது.

வேலை போனால் போகட்டும். யாராவது வயலில் விழுந்து கிடந்தால்?

கல்லூரி ஜீப் டிரைவர் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வண்டியை எடுங்கண்ணே!"

"எங்க?"

"பக்கத்து ஊருக்கு. போலீஸ் போறதுக்கு முன்னாடி நாம போயாகணும்."

"அப்போ ஃபுல் டேங்க் அடிச்சிக்கட்டுமா? எல்லையைத் தாண்டிடலாம்."

"அண்ணே, வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க!"

வழியெல்லாம் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. புழுவோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த வயல்களில் ஆட்கள் முதுகில் தெளிப்பானோடு நடந்துகொண்டிருந்தார்கள். மெசேஜ் சார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "நிறுத்துங்க! அடிக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஜீப்பின் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் அவர்களும் பாசமாகக் கையாட்டினார்கள்.

ஊர் முகப்பில் இருந்த முதல் வயலில் இறங்கி ஓடினார். வரப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா, மருந்து அடிச்சிட்டீங்களா?"

"நேத்து சாயங்காலமே அடிச்சாச்சு சார். காலையில இன்னும் ரெண்டு தடவை ஞாபகப்படுத்துனீங்களே, எவ்வளவு அக்கறை உங்களுக்கு!"

"தலை சுத்துதா? வாந்தி வருதா?"

"எனக்கென்ன கேடு? இங்க பாருங்க சார்."

அவள் ஒரு குருத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே புழு கறுத்துச் சுருண்டு கிடந்தது. அடுத்த செடியிலும் அப்படியே. தரையெல்லாம் செத்த புழு. இலைகளோ கருகாமல் பச்சைப் பசேலென்று நின்றன. மெசேஜ் சார் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

"பன்னெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் சார் புழு செத்திருக்கு," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள் அவள். "எங்க வீட்டுக்காரர் பாக்கக் குடுத்து வைக்கலை. மூணு வருஷம் விடாம புழு தின்னுச்சு. பொறுக்க முடியாம கட்டட வேலைக்குப் போனார். சாரத்துலேர்ந்து விழுந்து, வண்டியிலதான் கொண்டாந்தாங்க."

மெசேஜ் சார் கையிலிருந்த இலையைக் கீழே போட்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதெப்படிம்மா நாப்பது மில்லி ஊத்தியும் பயிர் கருகலை?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாப்பதை அப்படியே ஊத்த நான் என்ன கூறு கெட்டவளா சார்? 'கல்லூரி சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஊற்றவும்'னு முதல் வருஷம் நீங்க அனுப்பினதை எங்க வீட்டுக்காரர் கதவுலயே எழுதி வச்சிருக்கார், அன்னையிலேர்ந்து ஊரே அப்படித்தான் ஊத்துது!"