கிடங்குக்குப் போய் வந்த கட்டில்

"கட்டிலை முழுசா உள்ள விட மாட்டோம்" என்றார் நகராட்சிக் குப்பைக் கிடங்கின் கேட்காரர்.

தச்சர் தள்ளுவண்டியை நிறுத்தினார். "ஏன், என் கட்டில் உங்க குப்பையைவிட மட்டமா?"

"போர்டைப் பாருங்க."

கேட்டுக்கு மேலே போர்டு தொங்கியது. பாதி எழுத்தை வெயில் தின்றிருந்தது. மீதியைக் காக்கைகள் கவனித்துக்கொண்டன.

தச்சர் எவனையும் நம்பாதவர். தராசில் நிறுத்தால் தட்டுக்கு அடியிலும் தடவிப் பார்ப்பார். 'என்னை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்' என்பது அவர் பெருமை. இன்னொரு பெருமை, அவர் செய்த சாமான் எந்த வீட்டிலும் ஆடாது என்பது. அவர் வீட்டில் மட்டும் எல்லாம் ஆடும். கட்டில் ஆடும். அலமாரிக் கதவு தொங்கும். கேட்டால் "நாளைக்கு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்து தங்குகிறார்கள். "தச்சர் வீட்டுக் கட்டில் ஆடுதுன்னு அவங்க போய்ச் சொன்னா மானம் கப்பலேறிடும்" என்றாள் மனைவி.

"கட்டிலே இல்லைன்னா எது ஆடும்? கிடங்குல போட்டுட்டு வரேன்."

"போடுங்க" என்றாள். தள்ளுவண்டிக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

இப்போது தச்சர் கேட் ஓரத்திலேயே கட்டிலைக் கழற்றினார். கால் தனி, சட்டம் தனி, பலகை தனி.

கேட்காரர் அடுக்கைப் பார்த்தார். "நீங்க தச்சர்தானே? இது பட்டறைக் கழிவு. வீட்டுக் குப்பை மட்டும்தான் எடுப்போம்."

"யோவ், என் வீட்டுக் கட்டில்யா இது!"

"என் கண்ணுக்கு வெறும் மரம்தான் தெரியுது."

"ஓகோ, கையில ஏதாவது வைக்கணுமா? ஒரு பைசா பெயராது!"

"காசு வாங்கினா என் வேலை போயிடும். பூட்டிக் காட்டுங்க. கட்டில்னு பார்த்துட்டேன்னா அப்புறம் பிரிச்சுப் போட்டுக்கலாம்."

தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினார். கேட்காரர் ஒற்றை விரலால் தொட்டார். கட்டில் ஆடியது.

"இது கட்டிலா, தொட்டிலா? தச்சர் வீட்டுச் சாமான் இப்படியா ஆடும்? எங்கியோ பொறுக்கிட்டு வந்திருக்கீங்க. அடுத்தவங்க குப்பை இங்க ஆகாது."

சுருக்கென்றது தச்சருக்கு. வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குப் போனார். உளுத்த காலை எறிந்துவிட்டுப் புதுக் கால் செதுக்கினார். மூட்டுகளைச் சீவி, பசை வைத்து, ஆப்பு இறுக்கினார். வந்த கோபத்தில் வார்னிஷும் அடித்தார். காய்ந்ததும் மறுபடி கிடங்கு வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

"இப்ப ஆட்டுய்யா, பார்ப்போம்!"

கேட்காரர் ஆட்டினார். உட்கார்ந்தார். ஏறிக் குதித்தே பார்த்தார். கட்டில் அசையவில்லை.

"சந்தேகமே இல்ல. தச்சர் வீட்டுக் கட்டில்தான்."

"அப்ப உள்ள விடு."

"அதெப்படி? நல்ல சாமானைக் குப்பையில போடக்கூடாதுன்னு போர்டுல..."

தச்சர் போர்டைப் பார்க்கவில்லை. கட்டிலையே பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"இதைப் போய்க் குப்பையில போட எனக்கென்ன கிறுக்கா? சம்பந்தி என்ன, ராஜாவே வந்து படுக்கட்டும்! நீயும் உன் போர்டும்... என்கிட்ட நடக்குமா?"

ஜெயித்த தேரைப்போல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்த கேட்காரர் போனை எடுத்தார்.

"அக்கா, கட்டில் ஜம்முனு வந்துட்டிருக்கு. அலமாரியை எப்ப அனுப்பறீங்க?"