லிஃப்டுக்குள் மூச்சு ஜெபம்

விளக்கு அணைந்து லிஃப்ட் பாதியில் நின்றதும் மெக்கானிக்குக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கூட நின்ற இருவருக்கும் அப்படி இல்லை.

ஒருவர் செயலாளர் அம்மா. சபைக்குச் சொந்தமான அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஜெபம் நடக்கும்போது வாளியை உருட்டிவிட்டதற்காக, கூட்டிப் பெருக்கும் அக்காவை அவர் ஒருநாள் வறுத்தெடுத்ததை யாரும் இன்னும் மறக்கவில்லை. இன்னொருவர் மெக்கானிக்கின் மச்சான். தொழிலில் அவருக்குக் கூட்டாளி, சாப்பாட்டில் தனி ஆள்.

மின்சாரம் போனால் லிஃப்டைத் தானாகவே பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் பேட்டரிக் கருவி ஒன்றை மெக்கானிக் பொருத்தியிருந்தார். இன்று அதற்குப் பரீட்சை. அம்மா தலையாட்டினால்தான் பராமரிப்பு வேலை அவர் கையில் நிற்கும். சொல்லிவைத்தபடியே அந்த அக்கா கீழே மெயின் சுவிட்சை இறக்கியிருந்தாள்.

"இப்ப பாருங்கம்மா. கருவி எடுத்த எடுப்புல பாயாது. நெஜமாவே கரண்ட் போச்சான்னு பார்க்கும். அப்புறம் எந்தப் பக்கம் நகர்றது சுலபமோ அந்தப் பக்கம் போகும். தம்ளர்ல தண்ணி வச்சாலும் தளும்பாது. கதவு திறக்கிறது பூனைக்குக்கூடக் கேட்காது, அப்படி எண்ணெய் போட்டிருக்கேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு மூச்சு முட்டுதுப்பா" என்றார் அம்மா.

அதற்கும் மெக்கானிக்கிடம் மருந்து இருந்தது. போன மாதம் போதகர் கற்றுக்கொடுத்த மூச்சு ஜெபம். இழுக்கும்போது மனசுக்குள் 'ஆண்டவரே', விடும்போது 'இரங்கும்', அவ்வளவுதான். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் துடிக்கும் நெஞ்சு, பிரேக்கை மெல்லப் பிடித்த லிஃப்ட் மாதிரி அடங்கி நிற்கும். இதை அவர் விளக்கிய விதத்தைக் கேட்டிருந்தால் போதகரே புதிதாக இரண்டு விஷயம் தெரிந்துகொண்டிருப்பார்.

அம்மாவுக்கு அந்த ஜெபமே ஆகாது. அது யோகாசனம் போடுகிறவர்கள் சமாச்சாரம் என்று கமிட்டியில் எழுந்து நின்று எதிர்த்தவர்.

"மண்ணைப் பிசைஞ்சு மனுஷனைச் செஞ்சவர் மூக்குலதானம்மா ஊதினார்? அவர் குடுத்த காத்தை அவர் பேரைச் சொல்லி இழுத்தா என்ன தப்பு?"

எதிர்த்து வாதாட அம்மாவிடம் காற்று இல்லை. கண்ணை மூடினார். மற்ற இருவரும் மூடினார்கள்.

மச்சானின் மூக்கு விசிலடித்தது.

"யாருப்பா இங்க குக்கர் வச்சது?" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

வாயால் மூச்சு விடும்படி மெக்கானிக் மச்சானுக்கு உத்தரவிட்டார். மத்தியானம் அவர் கடித்த பச்சை வெங்காயம் மொத்தமும் 'இரங்கும்' என்று வெளியே வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார் மெக்கானிக். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்த மச்சான் நின்றபடியே தூங்கிப்போய், லிஃப்டே அதிரக் குறட்டை விட்டார்.

ஆனாலும் மெக்கானிக் அசரவில்லை. குறட்டையையே தாளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா அப்படியே செய்தார். இழுத்தார், விட்டார். திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"குளுகுளுன்னு ஒரு காத்து முகத்துல பட்டுதுப்பா."

"கண்ணைத் திறக்காதீங்கம்மா. ஜெபம் பிடிச்சுக்கிச்சு."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்தக் காற்று வந்தது. இந்த முறை அது மெக்கானிக்கின் முகத்திலும் பட்டது. பரிசுத்த ஆவியானவர்தான் என்று அம்மா தழுதழுத்தார். ஜெபத்தை முடித்து மனநிறைவோடு கண்ணைத் திறந்தார்கள். அதே இருட்டு. அதே மூடிய கதவு.

மெக்கானிக்கின் நம்பிக்கை அப்போதுதான் முதன்முறையாக ஆட்டம் கண்டது. பேட்டரியைத் திட்டினார், பேட்டரி விற்றவனைத் திட்டினார், கடைசியில் தலையைத் தொங்கவிட்டார்.

"கருவி கைவிட்டுடுச்சும்மா."

அம்மாவின் குரலில் கோபமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூச்சு ஜெபத்தை நடத்தும் பொறுப்பு இனி மெக்கானிக்குக்குத்தானாம். ஆனால் லிஃப்டுக்கு மட்டும் அம்மா வேறு ஆளைப் பார்க்கப் போகிறாராம்.

அந்த நேரத்தில் கதவு சத்தமில்லாமல் விலகியது. வெளியே தரைத்தளம், ஜன்னல் காற்று குளுகுளுவென்று உள்ளே வந்தது. பட்டனில் வைத்த விரலை எடுக்காமல் அந்த அக்கா நின்றிருந்தாள்.

"முடிச்சுட்டீங்களாம்மா?" என்று அடிக்குரலில் கேட்டாள். "லிஃப்ட் அப்பவே இறங்கி வந்து தானா திறந்துச்சு. எல்லாரும் கண்ணை மூடியிருந்தீங்க, ஜெபத்துல சத்தம் போட்டா நீங்க திட்டுவீங்களேன்னு பேசாம இருந்துட்டேன், கதவு மறுபடி மூடிக்கிச்சு. அப்புறம் ஒரு தடவை நானே அமுக்கித் திறந்து பார்த்தேன், அப்பவும் ஜெபம் முடியல."