தாமலில் நான் விளக்கிய நாகரிகம்

தமிழ் பி.ஏ. படித்துக்கொண்டிருப்பவனிடம் கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. அதிலும் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தின் உச்சியில் கட்டியிருந்தால் கொடுக்கவே கூடாது. என் தங்கை வசந்தாவின் கல்யாணத்தில் இரண்டும் ஒரே காலையில் நடந்தன.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் ரயிலடிப் பக்கம் எங்களுக்கு விறகுத் தொட்டி வியாபாரம். முசரவாக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) டவுனுக்குக் குடிவந்து ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நான், பல தலைமுறையாகக் கோபுர நிழலிலேயே வளர்ந்தவன் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தேன். டெரிலின் சட்டை, தோளில் ஜோல்னாப் பை, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகம். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, படிக்கிற பையன் என்று விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீடு தாமல். ஏரிப் பாசனம், நல்ல நிலபுலம். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். முதல் நாள் சாயங்காலமே நாங்கள் நாற்பது பேர் லாரியில் போய் இறங்கினோம். பிரமாதமான உபசாரம். காலேஜ் பையன் என்று எனக்கு மட்டும் தனியாக வெந்நீர் போட்டுக் கொடுத்தார்கள்.

காலையில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "தமிழ் படிக்கிற புள்ள. ரெண்டு வார்த்த வாழ்த்திப் பேசுப்பா" என்றார். பெருந்தன்மையான மனிதர். நான் ஒரு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

என் திட்டம் எளிமையானது. மாப்பிள்ளை நாகரிகமானவர் என்று பாராட்ட வேண்டும். வெறுமனே பாராட்டினால் பி.ஏ.வுக்கு என்ன மரியாதை? எனவே அந்தச் சொல் பிறந்த கதையிலிருந்து தொடங்கினேன்.

"பெரியோர்களே! நாகரிகம் எங்கே பிறந்தது? நகரத்திலே பிறந்தது! நகரத்திலே வாழ்பவனே நாகரிகன். அவன் உடுத்துவதிலே ஒரு நயம், உண்பதிலே ஒரு நளினம். சோற்றை உருட்டி வாயிலே எறிய மாட்டான். தோளிலே துண்டைப் போட்டுக்கொண்டு உரக்கக் கத்த மாட்டான்!"

பந்தலில் இருந்த அத்தனை ஆண்களின் தோளிலும் துண்டு இருந்தது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் அதை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பேர்ப்பட்ட நாகரிகம் நம் மாப்பிள்ளையிடம், அவர் இந்தத் தாமலிலே பிறந்திருந்தும்கூட..." என்று நான் உச்சத்தை எட்டியபோது மைக்செட்காரர் தாமாகவே ரெக்கார்டு போட்டுவிட்டார். (அதுவரை பேசியது முழுவதும் ஏரிக்கரை வரை கேட்டதாம்.)

பழைய புத்தகங்களில் நாகரிகம் என்றால் உடையும் இல்லை, நளினமும் இல்லை, எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் நடந்துகொள்வது என்று ஒரு பொருள் உண்டு. அகராதியில் அந்த இடத்துக்கு நான் வருவதற்குள் லைப்ரரியை மூடிவிட்டார்கள்.

யாரும் சண்டை போடவில்லை. பெரியப்பா எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். முதல் பந்திக்கு இலை போட்டார்கள். ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், எழுந்தார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. சம்பந்தி வீட்டார் வந்து "சாப்பிட வாங்க" என்று அழைக்காமல் பந்தியில் போய் உட்காருவது எங்கள் ஜனத்தில் கிடையாது. பசியில் மயங்கி விழலாம், உட்காரக் கூடாது. சாம்பார் வாசனையில் நாற்பது பேரும் காத்திருந்தோம்.

கடைசியில் நைனா எழுந்து பெரியப்பாவிடம் போனார்.

"நாங்க பட்டிக்காட்டு ஜனம்பா. டவுன்காரங்கள எப்படிக் கூப்புடறதுன்னு தெரியலியே" என்றார் பெரியப்பா. "முசரவாக்கத்துல நீ ஏர் ஓட்டிக்கினு இருந்தப்போ எப்படிக் கூப்ட்டாங்க? அத்தயாவது சொல்லு."

நைனா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் மாமா, "லாரிய எடுக்கச் சொல்லு, போலாம்" என்றார். சாப்பிடாமல் லாரி கிளம்பினால் இரண்டு வீட்டுக்கும் உறவு முறிந்தது, வசந்தா இனிமேல் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தியின் வாழ்க்கையை நான் ஒரு சொல்லால் கெடுத்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

லாரிக்காரர் கதவைத் திறக்கும்போது வசந்தா மணையை விட்டு எழுந்தாள். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது.

"எங்கமா போற?" என்றார் பெரியப்பா.

"நம்ம வூட்டுக்கு வந்தவங்க பசியா உக்காந்துக்கினு இருக்காங்க மாமா. கூப்புடப் போறேன்."

நேராக எங்களிடம் வந்தாள். நைனாவின் முன்னால் நின்று கை குவித்தாள். "வாங்க நைனா. வாம்மா. எங்க வூட்ல எல போட்டாச்சு, கை கழுவிக்கினு வாங்க" என்றாள். தாலி ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. "எங்க வூட்ல" என்று அவள் சொன்னதைக் கேட்டதும் நைனா வாய்விட்டு அழுதுவிட்டார். அம்மா அவரைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பெரியப்பா தானே ஒரு இலையை எடுத்து வந்து போட்டார். "ஒக்காரு சம்பந்தி, மருமவளே கூப்ட்டாச்சு, நாங்க இன்னா சொல்றது" என்றார்.

நானும் எழுந்தேன். வசந்தா என்னை மட்டும் தடுத்தாள். "நீ இப்ப வராத. கடைசிப் பந்தியில உக்காரு."

அன்றைக்கு மட்டும்தான் தண்டனை என்று நினைத்தேன். அவள் பிள்ளைகளின் காதுகுத்து, கல்யாணம், பேரன் பேத்திகளின் விசேஷம், எதுவானாலும் தாமலில் எனக்குக் கடைசிப் பந்திதான். நான் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. கடைசிப் பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கும், பாயசம் தண்ணீராக இருக்கும், வடை இருக்கவே இருக்காது. அந்த நேரம் பார்த்து வசந்தா வருவாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு வடையை இலையில் வைப்பாள். வைத்துவிட்டு, பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பாள்:

"இன்னாண்ணா, வடைன்ற வார்த்த எங்க பொறந்துது?"

எனக்குத் தெரியும். சொல்லாமல் சாப்பிடுகிறேன்.